முதலைகளின் வெள்ளோட்டம்

ரசூல் பாய் பிரியாணியைத் துறந்ததற்குக் காரணம் ஒரு மைக். அதை யாரும் அவர் முன்னால் நீட்டாமல் இருந்திருந்தால், அவர் பாட்டுக்குப் பாலக்கரையில் ஏசி ரிப்பேர் பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் இரண்டு பிளேட் அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கெட்ட நேரம் பேஸ்பால் ரூபத்தில் வந்தது.

திருச்சிக்காரருக்குப் பேஸ்பால் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். சவூதியில் இருக்கிற தம்மாமிலிருந்து வந்தது. அங்கே ஓர் எண்ணெய்க் கம்பெனிக் குடியிருப்பில் அவர் மெக்கானிக்காக இருந்தபோது, சாப்பாட்டுக் கூடத்து டிவியில் அமெரிக்கர்கள் சதாசர்வ காலமும் இந்த ஆட்டத்தைத்தான் ஓடவிட்டிருப்பார்கள். ஒருவன் எறிகிறான், இன்னொருவன் கட்டையால் அடிக்கிறான், அடித்தவன் பேஸ் என்கிற மூன்று மூலைகளையும் தொட்டுவிட்டுக் கிளம்பின இடத்துக்கே ஓடி வருகிறான். அந்த இடத்துக்குப் பெயர் வீடு. வீடு வந்து சேர்ந்தால் ஒரு ரன். விதிகளில் முக்கால்வாசி ரசூலுக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் மனுஷன் வீட்டுக்குத் திரும்பினதற்காகக் கைதட்டுகிற ஆட்டம் உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவருக்குப் பட்டது. லீவு கிடைக்காத வருஷங்களில் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு.

ஆகவே அவர் ஊருக்கே வந்து சேர்ந்த பிறகு, தில்லை நகரில் 'அகண்ட காவிரி பேஸ்பால் மன்றம்' என்று ஒன்று முளைத்து, 'கொள்ளிடம் முதலைகள்' என்று ஓர் அணியையும் அறிவித்தபோது, முதல் சீசன் டிக்கெட்டை வாங்கியவர் அவர்தான். இரண்டாவது சீசன் டிக்கெட்டை இந்த நிமிஷம் வரை யாரும் வாங்கவில்லை.

தொடக்க விழா ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரை மைதானத்தில் நடந்தது. மேடையில் நிர்வாகிகள் மட்டும் இருபத்திரண்டு பேர். ஆட்டக்காரர்கள் ஒன்பது பேருக்கு மேடையில் இடமில்லாததால், அவர்கள் நிர்வாகிகளுக்கு நாற்காலி தூக்கிப் போட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றி, ஆளுக்கு ஆள் பொன்னாடை போர்த்தி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இருட்டில் பந்து தெரியாது என்பதால் அன்றைய ஆட்டம் ரத்தானது. ரத்தானதை அறிவித்தவருக்கும் ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

மன்றத்தின் செயலாளர் நல்லதம்பி. என்ன துறை என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாத ஓர் அரசுத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் மைக்கைப் பிடித்து, "இப்ப நம்ம முதல் ரசிகர் ரசூல் பாய் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்றார்.

ரசூலுக்கு மேடை புதிது. எதிரே முதல் வரிசையில், அடுத்த மாதம் சம்பந்தியாகப் போகிற ஹாலித் உட்கார்ந்திருந்தார். ஹாலித் பெரிய கடை வீதியில் இரும்புக் கடை வைத்திருப்பவர். நாள் பூரா கையில் டீ கிளாஸோடு இருப்பவர். அவருடைய மகன் அனீஸுக்குத்தான் ரசூலின் மகள் அல்ஷிஃபாவைப் பேசி முடித்திருந்தது. சம்பந்திக்கு எதிரே சாதாரணமாகப் பேசிவிட்டு இறங்கினால் மரியாதை இல்லை என்று ரசூலுக்குத் தோன்றியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நம்ம முதலைங்க முதல் மேட்ச் ஜெயிக்கிற வரைக்கும், இந்த ரசூலு பிரியாணியக் கையால தொடமாட்டான்!"

கைதட்டல் கொள்ளிடத்தின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். ரசூல் பெருமையோடுதான் இறங்கினார். முதல் மேட்ச் வருகிற சனிக்கிழமை. ஒரு வாரம் பிரியாணி இல்லாவிட்டால் யாரும் செத்துவிடப் போவதில்லை என்பது அவர் கணக்கு.

ஆனால் மன்றத்தில் தேவதர்ஷினி என்றொரு ஊடகப் பொறுப்பாளர் இருந்தாள். மறுநாள் காலையில் தில்லை நகரிலும் பாலக்கரையிலும் ஆளுயர ஃப்ளெக்ஸ்கள் நின்றன. 'பிரியாணி துறந்த பெருந்தகையே!' என்று மேலே எழுத்து. கீழே ரசூல், ஆவி பறக்கும் தட்டு ஒன்றைப் புறங்கையால் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கை அவருடையதே இல்லை.

அவர் மனைவி சுராயா கடைத்தெருவில் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டாள்.

"ஏங்க, அல்லா மேல ஆணையிட்டா சொன்னீங்க?"

"சேச்சே. மைக்குல சொன்னேன்."

"மைக்குலயா? அல்லா மேல சொல்லியிருந்தாலாவது அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம். மைக்குல சொன்னா ஊரு பூரா கேட்டிருக்குமே!"

அவள் விடவில்லை, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுவரச் சொல்லி ரசூலைத் துரத்தினாள். ஹஜ்ரத் பொறுமையாகக் கேட்டார். "மார்க்கத்துல இதுக்கு வழி இருக்கு பாய், ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டு முடிச்சுக்கலாம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃப்ளெக்ஸ்ல போட்டதுக்குத்தான் வழி தெரியலை" என்றார்.

முதல் ஆட்டம் மண்ணச்சநல்லூர் அணியோடு. அவர்கள் அரிசி ஆலைகளில் மூட்டை ஏற்றுகிற பையன்கள். நெல் மூட்டையைத் தூக்கி லாரியில் வீசுகிற கைக்குப் பேஸ்பால் ஒரு பொருட்டா? பந்தை அடித்தார்கள் என்று சொல்வது சரியில்லை. பந்தை ஊரைவிட்டே அனுப்பினார்கள்.

முதலைகளின் நிலை வேறு. அணியை மன்றத்தின் தேர்வுக்குழு ஜனநாயக முறைப்படி தேர்ந்தெடுத்திருந்தது. அதாவது ஒவ்வொரு முக்கிய நிர்வாகிக்கும் ஓர் ஆட்டக்காரர். எறிகிறவர் துணைத் தலைவரின் அக்கா மகன். பிடிக்கிறவர் பொருளாளரின் மச்சினன். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் சுபாவம். சிபாரிசு இல்லாமல் உள்ளே வந்தவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மூக்கன் ஒருவன்தான். அதுவும், வரவேண்டிய ஆள் வராததால், மற்றவர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்ட அவனுக்கே சட்டையை மாட்டிவிட்டார்கள்.

அந்த மூக்கன் முதல் ஆட்டத்தில் ஒரு பந்தை நன்றாகவே அடித்தான். முதல் மூலைக்கு ஓடினான். அங்கேயே நின்றுவிட்டான். பந்து எங்கேயோ புதருக்குள் கிடக்க, எதிரணி தேடிக்கொண்டிருக்க, இவன் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்த்தான். ரசூல் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, கோச் அம்மாசியிடம் ஓடினார். அம்மாசி முன்னாள் கபடி ஆட்டக்காரர்.

"என்னங்க, அவன் ஏன் நிக்கிறான்? ரெண்டாவது பேஸுக்கு ஓடச் சொல்லுங்க!"

"பயிற்சி குடுக்கலையே பாய்."

"ஏன் குடுக்கலை?"

"மன்றத்துல முதல் பேஸுக்குத்தான் அனுமதி வந்திருக்கு. ரெண்டாவது பேஸை அடுத்த பொதுக்குழுவுல வைக்கிறதாச் சொல்லியிருக்காங்க. மூணாவதுக்கு இன்னும் கோப்பே போடலை."

இருபத்து மூன்றுக்குப் பூஜ்யம். ரசூல் நேராகத் தில்லை நகர் அலுவலகத்துக்குப் போனார். அது ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது. நல்லதம்பி டீ சொன்னார்.

"சீசன் இப்பத்தானே பாய் ஆரம்பிச்சிருக்கு. ஆரம்பத்துலயே ஜெயிச்சிட்டா அப்புறம் என்ன பண்றது? மண்ணச்சநல்லூர்க்காரங்களைப் பாருங்க, அவசரப்பட்டு ஜெயிச்சிட்டாங்க. இனிமே அவங்க முன்னேற என்ன இடம் இருக்கு? நம்ம பாருங்க, எவ்வளவு இடம்!"

கீழேயிருந்து யாரோ ஒருவர் பல்லைப் பிடுங்கினதற்கு அலறினார். ரசூலுக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது ஆட்டத்திலும் தோல்விதான். அன்றைக்கு மன்றத் தலைவர் சௌம்யநாராயணன் சுவாமி மைதானத்துக்கு எழுந்தருளியிருந்தார். ஸ்ரீரங்கத்தில் உத்தரவீதிக்காரர். நல்ல மனுஷர், பேஸ்பாலை அவர் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தோத்துட்டோம்னு யாரும் வாயால சொல்லப்படாது. அமங்கலம். ஊருக்குக் கிளம்பறச்சே 'போறேன்'னா சொல்றோம்? 'போயிட்டு வரேன்'னுதானே சொல்றோம்? அதுமாதிரி இனிமே 'ஜெயிச்சுட்டு வரோம்'னு சொல்லணும். எப்போ வருவோம்கறது பெருமாள் திருவுள்ளம். அடியேன் சொல்றது புரியறதோ?"

எல்லாருக்கும் புரிந்தது. ரசூலும் ஒழுங்கான ரசிகர். திரும்புகிற வழியில் சுராயா போனில், "என்னங்க ஆச்சு?" என்று கேட்டபோது, தலைவர் சொல்லை மீறக்கூடாது என்று, "ஜெயிச்சிட்டு வரோம்" என்றார்.

வழியில் ஒரு ஏசி வேலையையும் முடித்துவிட்டு அவர் வந்து சேர்ந்தபோது, வீட்டு வாசலிலேயே மணம் வந்தது. உள்ளே சுராயா தம் போட்ட சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றாள். அவசரமாகக் கறி வாங்கிவரச் சொல்லி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லியும் விட்டிருந்தாள். ரசூல் விஷயத்தைச் சொன்னார். சுராயா சட்டியருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அக்கம்பக்கத்தார் எல்லாரும் பிரியாணி சாப்பிட்டார்கள். ரசூல் அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து தயிர் சோறு சாப்பிட்டார். ஊறுகாய் எடுத்துக் கொடுக்கக்கூட அவள் எழுந்து வரவில்லை.

கல்யாணப் பேச்சுக்கு ஹாலித் வந்தது அதற்கடுத்த நாள். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆளில்லை. இரண்டாவது டீ குடித்து முடித்ததும் ஆரம்பித்தார்.

"சம்பந்தி, அத்தனை பேர் முன்னால மைக்குல சொன்னீங்க. சொன்ன சொல்லு மாறக்கூடாது. மாறினா, வாக்குத் தவறுன ஆளு வீட்டுல பொண்ணு எடுத்தேன்னு கடை வீதி பூரா பேசும்."

"மாறமாட்டேங்க."

"சந்தோஷம். ஆனா நிக்காஹ் முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டுல போடுற வலிமா விருந்து என்னோடது. அன்னிக்கு நீங்க என் பக்கத்துல உக்காந்து, ஒரே சஹன்ல என்கூடச் சாப்பிடணும். என் பிரியாணில கை வைக்கலைன்னா, விருந்துல குறை கண்ட ஆளு வீட்டுல பொண்ணு எடுத்தேன்னு பேசும்."

சஹன் என்பது நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே பெரிய தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவது. அதில் ஒளிக்கவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

"ரெண்டும் எப்படிங்க நடக்கும்?" என்றார் ரசூல்.

"இதென்ன பெரிய விஷயம்? ஜெயிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஹாலித் மூன்றாவது டீக்குக் கை நீட்டினார்.

அவர் போன பிறகு அல்ஷிஃபா அறையிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "அத்தா, உங்க டீம் தோத்ததுக்காக, கல்யாணம் ஆகுமுன்னாடியே நான் வாழாவெட்டியா?" என்றாள். ரசூலுக்கு அன்றிரவு தயிர் சோறும் இறங்கவில்லை. இத்தனை வருஷம் மணலில் கிடந்து சம்பாதித்ததே இவள் கல்யாணத்தில் மனம் நிறைய உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதற்குக் குறுக்கே ஒன்பது முதலைகள் படுத்துக் கிடந்தன.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு மன்றம் அவசர ஆலோசனைக் கூட்டம் கூட்டியது. தோல்விக்குக் காரணம் கண்டறிய ஓர் உபகுழு அமைக்கப்பட்டு, அது முந்திரி பக்கோடா சாப்பிட்டபடியே கண்டறிந்தும் விட்டது. காரணம் ரசூல்.

"வீடியோ எல்லாம் பாத்துட்டோம் சார்" என்றாள் தேவதர்ஷினி, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டி. "நம்ம பசங்க தப்பு பண்ற ஒவ்வொரு தடவையும் நீங்க முகத்தைச் சுளிக்கிறீங்க. நீங்க சுளிச்சிருக்கிற எல்லா நேரத்துலயும் நாம ரன் குடுத்திருக்கோம். டேட்டா தெளிவா இருக்கு."

"அவங்க ரன் குடுத்ததாலதாம்மா நான் சுளிச்சேன்!"

"பாத்தீங்களா, இப்பவும் சுளிக்கிறீங்க."

நல்லதம்பி கனிவோடு அவர் தோளைத் தொட்டார். "பாய், அணியில ஒன்பது பேர். அதுல யாரை மாத்தினாலும் ஒரு நிர்வாகியோட மனசு புண்படும். ரசிகர் நீங்க ஒருத்தர்தான். உங்களை மாத்தறது மன்றத்துக்குச் சுலபம். சிரிங்க."

நாலாவது ஆட்டம் முழுக்க ரசூல் சிரித்தார். வெயிலில், தன்னந்தனியாக, பதினாறு ரன் வித்தியாசத்தில் தோற்கும்வரை சிரித்தார். எதிரணிக்காரர்கள் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, ஒருவன் வந்து பரிவாகத் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனான்.

அன்று மாலைதான் வரலாற்றுச் சிறப்புமிக்க அந்தத் தீர்மானம் நிறைவேறியது. சௌம்யநாராயணன் சுவாமியே முன்மொழிந்தார்.

"புதுசா தேர் பண்ணினா, முதல்ல வெள்ளோட்டம் விடறதில்லையா? அப்போ தேர் ஓடும், வடம் பிடிப்பா, எல்லாம் உண்டு. ஆனா உள்ளே பெருமாள் எழுந்தருள மாட்டார். அதுமாதிரி, இதுவரைக்கும் நடந்ததெல்லாம் வெள்ளோட்டம். நம்ம அணி இன்னும் எழுந்தருளவே இல்லே."

இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நல்லதம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. சீசன் இன்னும் தொடங்கவில்லை என்றும், சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்ததும் முறையான தொடக்க விழா நடத்தி, அதன் பிறகே ஆட்டங்கள் கணக்கில் கொள்ளப்படும் என்றும் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. மறுநாளே புது ஃப்ளெக்ஸ்: 'தோல்வியே காணாத முதலைகள்!'

ரசூல் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப நான் இத்தனை நாளு பிரியாணி சாப்பிடாம இருந்ததும் வெள்ளோட்டமா சார்?"

"அதெப்படி?" என்றார் நல்லதம்பி. "உங்க ஃப்ளெக்ஸ் இன்னும் நிக்குதே."

இப்படியாக வலிமாவுக்கு முந்தின நாள் வந்தது. நிக்காஹ் அதற்கு முந்தின நாளே பள்ளிவாசலில் குறையில்லாமல் முடிந்திருந்தது. அல்ஷிஃபா மாமனார் வீட்டில் இருந்தாள். மண்டபத்தில் ஆட்டுக்கிடா வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ரசூல் மட்டும், கல்யாண வேலைகளையெல்லாம் போட்டுவிட்டு, கொள்ளிடக் கரையில் வந்து உட்கார்ந்தார். கடைசி நம்பிக்கை. எதிரணி எடமலைப்பட்டி புதூர்.

ஆண்டவன் கண் திறந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். புதூர் அணியின் அடித்து ஆடுகிற ஆட்கள் அத்தனை பேரும் கல்யாண பஸ் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களும் இன்னொரு கல்யாணப் பந்தியிலிருந்து நேராக எழுந்து வந்தவர்கள். பாயசம் குடித்த வயிற்றோடு அவர்களால் குனிய முடியவில்லை. முதலைகளுக்கு எப்போதும் எதுவும் முடியாது. ஆகவே கடைசிக் கட்டம் வரைக்கும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.

முதலைகளின் கடைசி முறை. மூக்கன் கட்டையோடு நின்றான். புதூர் எறிபவர் நாலு பந்துகளை நாலு திசைகளில் எறிந்தார். விதிப்படி மூக்கன் சும்மாவே முதல் மூலைக்குப் போகலாம், போனான். அடுத்தவனுக்கும் அப்படியே. மூக்கன் இரண்டாவது மூலைக்கு நகரவேண்டும். அவன் நகரவில்லை.

நடுவர் பெலிண்டா, பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். "நட" என்றாள்.

"அங்க போக எனக்கு அனுமதி இல்லைங்க மேடம்."

"நடங்கறேன்ல?"

நடந்தான். மூன்றாவது ஆளுக்கும் நாலு பந்து தாறுமாறாகப் போனது; பெலிண்டா மூக்கனை முழங்கையைப் பிடித்து மூன்றாவது மூலைக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். மன்றம் கோப்பே போடாத அந்த இடத்தில் மூக்கன் பலியாடுபோல நின்று விழித்தான். அடுத்த பந்து, பிடிப்பவர் கையைத் தாண்டி, சரிவில் உருண்டு, கொள்ளிடத்து மணலை நோக்கி ஓடியது. பாயசக்காரர் பின்னாலேயே மெல்ல ஓடினார். வீடு திறந்து கிடந்தது. மூக்கன் வந்தால் போதும்.

மூக்கன் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரசூல் நாற்காலிமேல் ஏறினார். தம்மாமில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் தொண்டையில் திரண்டு வந்தது.

"டேய் மூக்கா! வீட்டுக்கு வாடா! சீக்கிரம் வீட்டுக்கு வா!"

மூக்கன் திடுக்கிட்டான். அவன் மனைவி ராசாத்திக்கு நிறைமாதம். காலையில் கிளம்பும்போதே இடுப்பு வலிக்கிறது என்று சொல்லியிருந்தாள். அவன் ஷேர் ஆட்டோ, ஆட்டத்தில் வீடு என்று கோடு போட்டிருந்த இடத்துக்கு நேர் பின்னால் நின்றது.

"ஐயோ ராசாத்தி!" என்று ஒரு சத்தம். பிறகு ஒரு புழுதி. நடுவே வீட்டுக்கு அடையாளமாகக் கிடந்த வெள்ளைப் பலகையை மிதித்துக்கொண்டு பறந்த மூக்கன், ஆட்டோவில் தாவி ஏறி, திரும்பிக்கூடப் பார்க்காமல் மேம்பாலம் பக்கமாகப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் வீட்டை அடைந்தபோது, ராசாத்தி காலை நீட்டிக்கொண்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

பெலிண்டா கையை உயர்த்தினாள். ஒன்றுக்குப் பூஜ்யம். ஆட்டம் முடிந்தது.

ரசூல் நாற்காலிமேல் நின்றபடியே அழுதார். சுராயாவுக்குப் போன் போட்டார். "ஜெயிச்சிட்டோம்!"

"இந்த வாட்டியும் ஜெயிச்சிட்டு வரீங்களாக்கும்?"

"இல்லடி, நெசமாவே! அல்லாமேல ஆணை!"

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்பதற்குள், போனில் மன்றத்தின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து டிங் என்றது. 'இன்றைய வெள்ளோட்டம் இனிதே நடைபெற்றது.' அவ்வளவுதான். ரசூல் இரண்டுமுறை படித்தார். பிறகு பைக்கை உதைத்துத் தில்லை நகருக்கு விரட்டினார்.

"ஜெயிச்சோம்னு ஒரு வரி போடுங்க சார்!"

நல்லதம்பி வருத்தத்தோடு கண்ணாடியைக் கழற்றினார். "போட்டா, முந்தின நாலும் கணக்குல வந்திடும் பாய். ஒரு வெற்றிக்காக நாலு தோல்வியை ஒத்துக்கச் சொல்றீங்களா? மன்றத்துக்குன்னு ஒரு மானம் இருக்கில்ல?"

"ஆனா ஜெயிச்சது உண்மைதானே?"

"ஜெயிச்சது உண்மை. ஆட்டம் நடந்ததுதான் உண்மையில்லை." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இந்த மூக்கன் யாரைக் கேட்டு வீட்டுக்கு வந்தான்? ரெண்டாவது பேஸுக்கே ஒப்புதல் இல்லை. விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கோம்."

கீழே பல் பிடுங்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரசூல் படியிறங்கினார்.

வலிமா மண்டபம் ஜனத்தால் நிரம்பி வழிந்தது. மன்றத்து நிர்வாகிகளுக்கும் பத்திரிகை வைத்திருந்ததால், நல்லதம்பி தலைமையில் ஒரு கூட்டம் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டது. நடுவில் பெரிய சஹன் வந்தது. ஒரு பக்கம் ஹாலித், பக்கத்தில் ரசூல். ஹாலித் கையில் போன் இருந்தது.

"சம்பந்தி, குரூப்ல பாத்தேன். நேத்து நடந்தது கணக்குல வராதாம். அப்ப உங்க சொல்லு இன்னும் நிக்குது." அவர் தட்டைப் பார்த்தார். "என் சஹனும் நிக்குது."

பெண்கள் பக்கத் திரை கொஞ்சம் விலகி, சுராயாவும் அல்ஷிஃபாவும் நிற்பது தெரிந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் ரசூல் வாசல் பக்கம் திரும்பினார். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். அப்போதுதான் எதிர்ச் சஹனில், நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்த நல்லதம்பி அவர் கண்ணில் பட்டார்.

"செயலாளர் சார், ஒரு சந்தேகம். நம்ம தொடக்க விழா நடந்துச்சா?"

"தீர்மானப்படி இன்னும் நடக்கலை" என்றார் நல்லதம்பி, எலும்பை வாயிலிருந்து எடுக்காமல்.

"அன்னிக்கு மேடை போட்டிருந்தோமே?"

"வெள்ளோட்ட மேடை."

"மைக்கு?"

"வெள்ளோட்ட மைக்கு."

"அப்ப அந்த மைக்குல நான் பேசினது?"

நல்லதம்பி எலும்பைக் கீழே வைத்தார். மன்றத்தின் கௌரவம் என்று வந்தால் அவர் எதையும் கீழே வைப்பார். நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார். "மன்றம் இன்னும் நடத்தாத விழாவுல யாரோ பேசினதா சொல்லப்படுற பேச்சுக்கு மன்றம் எந்த வகையிலும் பொறுப்பேற்காது. அப்படியொரு பேச்சே இல்லை."

ரசூல் திரும்பினார். "சம்பந்தி, கேட்டீங்களா? நான் இன்னும் வாக்கே குடுக்கலை."

ஹாலித் இரும்பு வியாபாரி. எதையும் எடை போட்டுப் பார்ப்பவர். போட்டுப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அப்புறம் என்ன? கையக் கழுவுங்க சம்பந்தி."

முதல் கவளம் உள்ளே போனபோது ரசூலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று சொன்னார். திரைக்குப் பின்னால் அல்ஷிஃபா சிரிக்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சோற்றை அவர் சாப்பிட்டதில்லை.

ஆனால் நல்லதம்பி கூட்டத்தைப் பார்த்துவிட்டார். இவ்வளவு ஜனத்தை மன்றம் தன் வாழ்நாளில் கண்டதில்லை. அவர் வாழ்த்துச் சொல்ல வைத்திருந்த மைக்கை எடுத்தார்.

"இந்த மாபெரும் கூட்டத்தையே அகண்ட காவிரி பேஸ்பால் மன்றத்தின் முறையான தொடக்க விழாவா அறிவிக்கிறேன்! இந்த நிமிஷத்திலிருந்து சீசன் ஆரம்பம்! முதல் ரசிகர் ரசூல் பாய் ரெண்டு வார்த்தை..."

பொன்னாடை எங்கிருந்தோ வந்தது. அவர்கள் பையில் அது எப்போதும் இருக்கும். மைக் ரசூலின் முகத்துக்கு நேரே வந்தது. ரசூல் தாமதிக்கவில்லை. தட்டிலிருந்து இரண்டு கை அள்ளி வாய்க்குள் திணித்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்ப, பேச முடியாது என்று சைகை காட்டினார்.

மைக் அப்படியே பக்கத்துக்கு நகர்ந்தது. பொன்னாடை ஹாலித்தின் தோளில் விழுந்தது. ஹாலித் இதற்குமுன் மைக் பிடித்ததில்லை. எதிரே கடை வீதி முழுவதும் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய நெஞ்சு நிமிர்வதை ரசூல் பார்த்தார். அந்த நிமிர்வு அவருக்குத் தெரிந்த நிமிர்வு.

"ம்ம்! ம்ம்ம்!" என்று ரசூல் கையை ஆட்டினார்.

"முதல் ரசிகர் உணர்ச்சிவசப்பட்டு வாழ்த்துறாரு" என்றாள் தேவதர்ஷினி, வீடியோ எடுத்தபடி.

"சம்பந்தியோட டீமு, என் டீமு!" என்று முழங்கினார் ஹாலித். "நம்ம முதலைங்க முதல் மேட்ச் ஜெயிக்கிற வரைக்கும், இந்த ஹாலித்து ஒரு சொட்டு டீ குடிக்கமாட்டான்!"

மண்டபம் இடிந்து விழுகிறாற்போலக் கைதட்டல். அது ஓய்வதற்குள் பந்தி முடிந்தவர்களுக்கு, எலுமிச்சையும் புதினாவும் மிதக்கும் சுலைமானி டீ தட்டுத்தட்டாக வந்தது. ஹாலித்தின் கை பழக்கத்தில் பாதிதூரம் போய், அந்தரத்தில் நின்றது. ஆவி மூக்கில் ஏறியது. கையை மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

"சம்பந்தி" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். "அடுத்த மேட்ச் யார்கூட?"

ரசூல் வாயில் இருந்ததைக் கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"மண்ணச்சநல்லூர்" என்றார்.